விருந்தறையில் ஒரு வெள்ளைப் பெட்டி

"மீட்டர் பொய் சொல்லுதா, இல்ல நீங்க சொல்றீங்களா?"

நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் நின்றவரைப் பார்த்ததும் ஹோசியத் கதவைப் பாதியோடு நிறுத்தினாள்.

"யாருண்ணே நீங்க?"

"கரண்ட் ஆபீஸ். தெர்மிஸ் ஊரே ஏ.சி. போட்டுட்டு பில்லைப் பார்த்து அழுவுது. உங்க வீட்டுல மட்டும் ஒரே ஒரு பல்பு எரிஞ்ச மாதிரி ஓடியிருக்கு. உள்ள வரலாமா?"

சில்லா என்கிற நாற்பது நாள் உச்சக் கோடையில் அன்று பதினெட்டாம் நாள். தெருவில் நாய்கூட இல்லை. அந்த வெயிலில் ஒரு மனிதரை நிற்க வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் இவர் வர இன்றைக்குத்தானா நேரம் கிடைத்தது! நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை, பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். மகன் இல்யோருக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போய்விட்டது. மண் வீடு, ஏ.சி. இல்லை, எங்கள் பெண் வெந்து போவாள் என்று இரண்டு இடத்திலும் ஒரே பேச்சு. இப்போது கரண்ட் திருட்டு என்று பெயரும் கிளம்பினால் இந்தக் கல்யாணமும் அவ்வளவுதான்.

விருந்தறைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஜில்லுனு இருக்கே! எங்கேர்ந்து கொக்கி போட்டிருக்கீங்க?"

"கொக்கியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சுவர் ரெண்டு முழ மண்ணு. ராத்திரி பூரா ஜன்னலைத் திறந்து வெப்பேன். வெயில் ஏறுறதுக்குள்ள சாத்தி, தடிமனா பஞ்சு மெத்தையைத் தொங்க விட்ருவேன். முற்றத்துல திராட்சைக் கொடி நிழல் இருக்கு. ரெண்டு வேளை தண்ணி தெளிப்பேன்."

"நல்லா கதை சொல்றீங்க." ஏதோ எழுதிக்கொண்டார். "வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் மகனும்."

"மகன் குடிப்பானா?"

"கரண்டுக்கும் அதுக்கும் என்னண்ணே?"

"குடிக்கிறவன் லைட்டை அணைக்க மாட்டான். சரி, சமையல் யாரு? நாளைக்கு மருமக வந்தா தண்ணி சுமக்கிறதெல்லாம் அவதானா?"

"முற்றத்துலயே குழாய் இருக்கு. நீங்க மீட்டரைப் பாருங்க."

அவர் மீட்டர் பக்கமே போகவில்லை. அடுப்படியை எட்டிப் பார்த்தார், கழுவி வைத்த கிண்ணங்களைப் பார்த்தார். லஞ்சத்துக்குத்தான் அடி போடுகிறார் என்று ஹோசியத் நினைத்தாள். பச்சைத் தேநீரும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. பார்வை சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டிக்குப் போனது.

"மண் சுவரே போதும்னா இந்த ஏ.சி. எதுக்கு? போடுங்க பார்ப்போம்."

"ரிமோட் மகன்கிட்ட இருக்கு."

"திறந்தே பார்த்துடலாம்."

அவள் குறுக்கே போவதற்குள் மூடியைத் தூக்கிவிட்டார். உள்ளே மோட்டாரும் இல்லை, ஒயரும் இல்லை. எறும்புக்குப் பயந்து அவள் ஒளித்து வைத்த பாதாம் பருப்புப் பொட்டலம்தான் இருந்தது.

ஹோசியத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவமானத்தில் கண் கலங்கியது.

"ஏப்ரல்ல பொண்ணு கேட்க ரெண்டு தடவை போனேண்ணே. பொம்பளைங்களா உட்கார்ந்து பேசினோம். அவங்க விருந்தறையில புது ஏ.சி. மினுமினுன்னு இருந்துச்சு. நம்ம வீட்டுல வெறும் சுவரைப் பார்த்தா மதிப்பாங்களா? அதான் ரிப்பேர் கடையில கிடந்த காலிப் பெட்டியை வாங்கி மாட்டினேன். வீடு நெசமாவே குளிர்ச்சிதான். ஆனா சொன்னா யார் நம்புறா? நீங்களே நம்பலியே! வேணும்னா எழுதிக்குங்க, வெள்ளிக்கிழமை வரைக்கும் வெளிய சொல்லிடாதீங்க. அந்தப் பொண்ணு நசீபாவை என் மகனுக்கு ரொம்பப் புடிச்சிருக்கு."

அவர் நோட்டை மூடினார். சம்பந்தம் முடிவான வீட்டில் செய்வதுபோல ரொட்டியை இரண்டாகப் பிட்டு, பாதியை அவளிடம் நீட்டினார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பெட்டியைக் கழட்டிருங்க, சம்பந்தியம்மா. எங்க வீட்டுல நீங்க பார்த்ததையும் நான் இன்னிக்கே கழட்டிடறேன், அதுக்குள்ளயும் ஒண்ணும் கிடையாது."