புழு இருந்தால் பேசுவாள்

கோழி எச்சத்தைச் சோதிக்கும் அரசுக் கருவி, குடற்புழு இருந்தால் வீட்டுக்காரருக்குப் பிரியமானவரின் குரலில் எச்சரிக்கும். அப்போதுதான் மக்கள் கேட்பார்களாம்; இதைக் கண்டறிய ஒரு நிபுணர் குழுவே வெளிநாடு சுற்றி வந்தது.

சவரிமுத்துவின் கருவி, இறந்துபோன மனைவி பிலோமினாவின் குரலில் அதட்டியது: "ஏங்க, கோழிக்குப் புழு. மருந்தை ஊத்துங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு படுத்துராதீங்க."

உடனே ஊற்றினார். மறுவாரம் கருவி அமைச்சரின் குரலில் முழங்கியது: "வாழ்த்துகள்! தங்கள் கோழி தூய்மையானது!"

சவரிமுத்து பக்கத்து வீட்டு வேலியருகே போய் நின்றார்.

"லூர்து, உன் கோழிக்குப் புழுமருந்து குடுத்தாச்சா?"

"எங்கண்ணே நேரம்? இனிமேத்தான்."

"இன்னிக்குக் குடுத்துராத தாயி. கொஞ்சம் எச்சம் மட்டும் இலையில எடுத்துக் குடு."

லூர்து அவரைப் பார்த்தாள். பிறகு போய், பெரிய இலையாகக் கிள்ளினாள்.