துருத்தியை ஒட்டியவன்

“கொலைகாரன் யாருன்னு சாயங்காலம் நாலு மணிக் கச்சேரியில ஊருக்கே தெரிஞ்சுடும்” என்றார் இசை ஆராய்ச்சியாளர் டாக்டர் குவான்ட். உல்ம்ரோடா தேவாலயத்தில் ஒத்திகைக்கு உட்கார்ந்திருந்த வாத்தியக்காரர்கள் சுருதி கூட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

செத்தது மனிதனல்ல, இசை. புது ஆர்கன் வைத்த நாளிலிருந்து சாகும்வரை முப்பத்தேழு ஆண்டுகள் இங்கே அதை வாசித்தவர் எரன்ஃப்ரீட் லோமார். வயலின்களுக்கும் ஓபோ என்னும் ஊதுகுழல்களுக்குமாக அவர் எழுதிய பதினொரு இசைத் தொகுப்புகளின் தாள்களை யாரோ கீற்றுக் கீற்றாக வெட்டி, ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்தியின் விரிசல்களில் ஒட்டியிருந்தான்.

அதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கீற்றுகளை ஆவி காட்டிப் பிரித்து, வரிசைப்படுத்த குவான்டுக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. உயிரோடு இருப்பவர்களில் தனக்கு நிகரானவரை அவர் இன்னும் சந்தித்ததில்லை.

ஓபோக்காரி கை தூக்கினாள். “டாக்டர், இங்க முப்பத்திரண்டு ஆவர்த்தனத்துக்கு ஒரே சுரம். கொஞ்சம் குறைச்சுக்கலாமா? உதடு மரத்துப்போகுது.”

“லோமாரை வாசிக்கப் புத்தி வேணும்மா. உங்களுக்கு உதடு மட்டும்தான் இருக்கு.”

ஒட்டியவன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. லோமார் இறந்ததும் அந்த இடத்துக்கு வந்த க்ருஷ்விட்ஸ்தான். ‘பொறாமை பிடித்த மூடன்’ என்று புத்தகத்தில் அச்சேற்றியும் விட்டார்.

அந்த வம்சத்தில் வந்த ரொட்டிக்கடை க்ருஷ்விட்ஸ், ஒத்திகை முடியும்வரை தொப்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். “டாக்டர், உங்க புத்தகம் வந்ததுலேருந்து என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல பசைக்காரின்னு கூப்பிடறாங்க. ஒருவேளை அது எங்க ஆள் இல்லேன்னா?”

“இல்லேன்னா அந்தப் புத்தகத்தை நானே உங்க அடுப்புல போடறேன். ரொட்டியாவது வேகட்டும்.”

ஆர்கன் பழுது பார்க்கும் பேல்ட்ஸ் அம்மாள், துருத்தியின் கடைசிப் பலகையை மேடையில் சாய்த்து வைத்தாள். அதன் மேல் ஒட்டிய தோல் இன்னும் பிரிக்கப்படவில்லை. சபைக்கு முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்பது குவான்டின் உத்தரவு.

“துருத்தியை அடைச்சவன் உள்பலகையில பேரு எழுதாம தோலை மூட மாட்டான். எங்க தொழில் வழக்கம் அது” என்றாள் அவள். “ஆனா ஒண்ணு இடிக்குது, டாக்டர். இதுதான் முதல் ஒட்டு. அடியில பழைய பசையே இல்லை. முப்பத்தேழு வருஷம் ஒரு துருத்தி ஒழுகாம இருக்காதே. வெட்டினதும் கோபத்துல வெட்டின மாதிரி தெரியலை. ஸ்கேல் வெச்சு நறுக்கி, எழுத்து வெளியே தெரியாதபடி ஒட்டியிருக்கான்.”

“திருடனும்தான் நிதானமா வேலை பார்ப்பான். நீங்க பசையைப் பாருங்க, சரித்திரத்தை என்கிட்ட விடுங்க.”

நாலு மணிக்குத் தேவாலயம் நிறைந்துவிட்டது, வானொலிக்காரர்களும் வந்திருந்தார்கள். முதல் தொகுப்பு ஐம்பது நிமிடம் ஓடியது. பாதியில் பாதிரியார் கைக்கடிகாரத்தை இருமுறை பார்த்தார். முடிந்ததும் கைதட்டல் பலமாகவே இருந்தது, முடிந்துவிட்டதே என்ற மகிழ்ச்சியில்.

குவான்ட் ஒலிவாங்கியைப் பிடித்தார். “இந்த இசையைக் குப்பைன்னு நினைச்ச ஒரு ஜென்மம் இந்த ஊர்ல வாழ்ந்திருக்கு. காது இருந்தும் செவிடு. அந்த ஆளோட பேரை இப்ப உங்க காதாலயே கேக்கப்போறீங்க.”

முதல் வரிசையில் ரொட்டிக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்தில் அவருடைய மகள் குனியாமல் குவான்டையே முறைத்தாள்.

பேல்ட்ஸ் அம்மாள் சூடாக்கிய கத்தியால் தோலை ஓரத்திலிருந்து மெல்ல உரித்தாள். பலகையில் பழுப்பு மையில் இரண்டு வரி. படித்துவிட்டு அவள் குவான்டை நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன முழிக்கிறீங்க? சத்தமா படிங்க!”

“‘ஒழுகல் அடைத்தாயிற்று. இந்தக் காகிதங்கள் கடைசியில் ஒரு வேலைக்கு உதவின’ன்னு எழுதியிருக்கு.”

சபையில் யாரோ சிரித்தார்கள். ஓபோக்காரியும் வாயைப் பொத்திக்கொண்டாள். குவான்டின் முகம் சிவந்தது.

“கேட்டீங்களா திமிரை! கீழே கையெழுத்து இருக்கில்ல? பேரைப் படிங்க, பேரை!”

“லோமார்னுதான் போட்டிருக்கு, டாக்டர்.”