இடுப்பு அளவு

பல வருடம் கழித்துச் சொந்த ஊருக்கு வந்தவர், பேன்ட் தைக்கும் சாக்கில் அந்தத் தையல் கடைக்குள் நுழைந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் உருகி உருகிக் காதலித்து, கடைசிவரை வாயே திறக்காமல் விட்ட பெண்தான் இப்போது அங்கே டெய்லர். அவள் கணவர் உள்ளறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"அட, நீங்களா! எப்ப வந்தீங்க?" என்று டேப்போடு எழுந்து வந்தாள்.

டேப் இடுப்பைச் சுற்றியதும் அவர் வயிற்றை எக்கினார். தொப்பை முதுகோடு ஒட்டியது.

"எத்தனை பிள்ளைங்க?"

இரண்டு விரலைக் காட்டினார்.

"வீட்டுக்காரம்மா வரலையா?"

தலையை மட்டும் ஆட்டினார். மூச்சு விட்டால் மானம் போய்விடும்.

அவள் டேப்பை விடாமல் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக் காலத்துல என்கிட்ட என்னவோ சொல்ல வந்தீங்களே, அது என்ன?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாளே!

"அது வந்து..."

அடக்கிய மூச்சு புஸ்ஸென்று வெளியேற, தொப்பை பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது.

"நாப்பத்திரெண்டு! எழுதிக்கோங்க" என்று உள்ளே குரல் கொடுத்தவள், "வெள்ளிக்கிழமை வாங்க, ரெடியா இருக்கும்" என்று அவரை அனுப்பிவைத்தாள்.

அவர் படியிறங்கியதும் கணவர் எட்டிப் பார்த்தார். "நிஜமாவே அந்த ஆளு ஏதாவது சொல்ல வந்தாரா?"

"யாருக்குத் தெரியும்? வயித்தை எக்குற எல்லார்கிட்டயும் இதைத்தானே கேக்குறேன். இதுவரைக்கும் ஒருத்தராவது 'நான் ஒண்ணும் சொல்ல வரலையே'ன்னு சொல்லியிருக்காங்களா?"