ஈரமாகாத பேப்பர்

பூங்குழலி ஆபீஸ் கிளம்பும்போது ஹால் மூலையில் அன்றைய பேப்பரை விரித்துவிட்டுப் போவாள். புதிதாக வந்த நாய்க்குட்டி அதில் ஒன்றுக்குப் போகப் பழக வேண்டுமாம். கதவைப் பூட்டியபின் வீட்டில் குட்டியும் பேப்பரும்தான்.

சாயங்காலம் குட்டி அடக்கிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் கஷ்டப்படுற? என் மேல போயேன். உனக்குத்தானே என்னை விரிச்சிருக்கா" என்றது பேப்பர்.

"நேத்து பேப்பர் மேலதான் போனேன். 'சமத்து'ன்னு தலையைத் தடவிட்டு லேப்டாப்பைத் திறந்துட்டா. முந்தாநாள் தரையில போனேன். பக்கத்துலயே உட்கார்ந்து, துடைச்சு முடிக்கிற வரைக்கும் திட்டினா. எவ்வளவு நேரம் எங்கிட்டயே பேசினா தெரியுமா!"

பூட்டில் சாவி திரும்பியது. குட்டி ஓடிப்போய் ஹால் நடுவில், அவள் கண்ணெதிரே ஒன்றுக்குப் போய்விட்டது.

"அறிவிருக்கா உனக்கு? அவ்வளவு பெரிய பேப்பர் கண்ணுக்குத் தெரியலையா?"

பூங்குழலி துணியோடு தரையில் உட்கார்ந்தாள். திட்டு நீண்டுகொண்டே போனது. குட்டி வாலாட்டியபடி அவள் மடியோரம் ஒட்டிக்கொண்டது.

காலையிலிருந்து யாரும் படிக்காத பேப்பர் மூலையில் சலசலத்தது.

"குட்டி, என்னையும் கொஞ்சம் கிழிச்சுப் போடேன். குனிஞ்சு பொறுக்குறப்பவாவது நாலு வரி படிப்பா."