ஆட்டுத்தோல்

ஆஸ்திரேலியாவுக்குத் தனியாக விமானம் ஓட்டிப் போய்க்கொண்டிருந்த எட்னா, தூத்துக்குடி உப்பளத்தை ஒட்டிய பொட்டலில் பெட்ரோலுக்காக இறங்கினாள். மாலையோடு காத்திருந்த நகரசபை சேர்மனை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. புனலில் மெல்லிய ஆட்டுத்தோலை விரித்து, அதன் வழியாக டாங்கில் ஊற்றத் தொடங்கினாள். பெட்ரோல் தோலில் இறங்கிவிடும். கலந்திருக்கும் தண்ணீர் மேலேயே நின்றுவிடும். மூன்றாவது டின்னில், இறக்கையின் மேல் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனாள்.

பெட்ரோல் கம்பெனி ஆள் சந்தியாகு அவளை எழுப்பவில்லை. மீதிப் பதினைந்து டின்னையும் தானே வடித்து ஊற்றி முடித்தார்.

கண் விழித்தவள் நன்றி சொல்லவில்லை. டாங்கைத் திறந்து, எல்லாவற்றையும் மறுபடி டின்களில் இறக்கவைத்தாள். முதலிலிருந்து வடிக்க வேண்டுமாம்.

"கூறு கெட்ட பொம்பளையா இருக்காளேய்யா, கையெல்லாம் எரியுது," என்றார் சந்தியாகு.

"மாலை வாடுதுவே. சட்டுன்னு அனுப்பி வையும்," என்றார் சேர்மன்.

சந்தியாகு துறைமுகத்தில் பழகிய இங்கிலீஷில் அவளிடமே கேட்டுவிட்டார்: "ஏன் துரைசானி, நான் வடிச்சா ஆகாதோ?"

"நல்லாத்தான் வடிச்சிருப்பீங்க." பேசுவதே அவளுக்குப் பாரமாக இருந்தது. "போன தடவை வடிச்சவரும் நல்ல மனுஷன்தான். அன்னைக்கும் நான் தூங்கிட்டேன். தண்ணி கலந்து, நடுவானத்துல இன்ஜின் நின்னுபோச்சு."

அவள் பார்வை போன பக்கம் சந்தியாகு திரும்பினார். அவள் பின்னால் உட்கார்ந்து ஓட்டும் விமானத்தின் முன் இருக்கையில் ஆள் இல்லை. இடுப்புவார் மட்டும் இறுக்கிப் பூட்டியிருந்தது. அதற்கடியில் ஓர் ஆணின் தொப்பி.

சந்தியாகு முதல் டின்னைத் தூக்கினார். அவள் கண்கள் திறந்திருந்தபோது மட்டும் ஊற்றினார்.