பாலம் திறக்கும் நேரம்

"மறுபடியுமா!" ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டாள் ஹிலரி சக்டென்.

மணி எட்டாக ஐந்து நிமிஷம். கண்ணெதிரே தடுப்புக்கட்டை இறங்கியது. கால்வாயின் மேலிருந்த சுழல்பாலம் சாலையை விட்டு விலகி, சாவகாசமாகத் திரும்பிக் கரையோரம் போய் நின்றது.

படகுக்காரர்களே சாவி போட்டுத் திருப்பிக்கொள்ளும் பாலம் அது. இன்றைக்கும் திருப்பியவர் வில்ஃப் கிளெக். படகிலேயே குடியிருக்கும் தனி ஆள். இனி அவர் நடந்து போய்ப் படகை அவிழ்க்க வேண்டும். பாலத்தைத் தாண்டி ஓட்ட வேண்டும். அந்தப் பக்கம் கட்டிவிட்டுத் திரும்பி நடந்து வந்து பாலத்தை மூட வேண்டும்.

கால் மணி நேரம் போச்சு.

பாலத்துக்கு அப்பால் பிஸ்கட் ஆலை. அங்கே ஹிலரி வந்து வருகைப் பதிவேட்டைத் திறந்தால்தான் எட்டு மணி. இருபது வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு நிமிஷம் விட்டுக்கொடுத்தவள் இல்லை. அப்படிப்பட்டவள் இரண்டு மாதமாகத் தினமும் தானே தாமதமாகப் போகிறாள்! "வாட்ச் ரிப்பேரா ஹிலரி?" என்று மேனேஜரே கேட்டுவிட்டார்.

கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"நேத்துதானே அந்தப் பக்கத்துலேருந்து இங்க வந்தீங்க? இன்னிக்கு என்ன திரும்ப அங்க?"

"தண்ணி பிடிக்கணும்மா. குழாய் அங்கதானே இருக்கு."

"முந்தாநாளும் தண்ணிதான் பிடிச்சீங்க. படகுல யானை ஏதாவது வளர்க்கறீங்களா?"

"டீ கொஞ்சம் ஜாஸ்தி குடிப்பேன்" என்றார் வில்ஃப், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

ஒருநாள் ஹிலரி ஏழரைக்கே கிளம்பிப் பார்த்தாள். அன்றைக்குப் பாலமும் ஏழரைக்கே திறந்தது. தண்ணீருக்கடியில் படகைத் தள்ளும் விசிறியில் கயிறு சுற்றிக்கொண்டதாம். முக்கால் மணி நேரம்!

அந்த ஞாயிற்றுக்கிழமை நாயோடு கால்வாய்க் கரையில் நடந்தபோதுதான் அவளுக்கு ரத்தம் கொதித்தது. வாடகைப் படகில் விடுமுறைக்கு வந்த தம்பதிக்கு வில்ஃப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"இடது கரை ஆழமே இல்ல, வெறும் சேறு. மூக்கை வலது பக்கமா விடுங்க. மேற்குக் காத்து அடிச்சா வேகத்தைக் குறைக்காதீங்க, தூணுல கொண்டுபோய்ச் சாத்திடும். முக்கியமா ஒண்ணு. ஜனங்க வேலைக்குப் போற நேரத்துல பாலத்தைத் தொடவே கூடாது. காரெல்லாம் போகட்டும், அப்புறமா திறங்க. நாலு பேர் வயித்தெரிச்சல் நமக்கு எதுக்கு?"

ஹிலரிக்குக் காதில் புகை வந்தது.

திங்கட்கிழமை மதியத்துக்குள் கால்வாய் ஆபீசுக்கு மனு தயார். முப்பது கையெழுத்து. கடைசியாக பேக்கிங் பிரிவில் பிரெண்டா ஹோல்ராய்டிடம் வந்தாள்.

"நீ ஆலை இருக்கற கரையிலயே குடியிருக்கே, உனக்குப் பாலம் தாண்டற வேலையில்ல. இருந்தாலும் ஒண்ணு போடு. ரெண்டு மாசத்துல ஒருநாள்கூட லேட்டாகாத ஒரே ஆள் நீதான். உன் கையெழுத்துக்கு மதிப்பிருக்கும்."

பிரெண்டா பேனாவைத் தொடவில்லை.

"என்னால முடியாது ஹிலரி."

"ஏன், அந்தாள் உனக்குச் சொந்தமா?"

"என் வீட்டுக்காரர் லெனர்டுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. பாத்துக்கற பொண்ணு எட்டு மணிக்குத்தான் வர்றா. அவ வந்ததும் ஓடி வந்தாக்கூட எட்டு பத்து. அதுக்குள்ள நீங்க வந்து பதிவேட்டைத் திறந்துட்டா..."

ஹிலரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிரெண்டாவைப் பார்த்தாள்.

"நானா போய் யாரையும் கேக்கல. கரையில உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன். அவரா வந்து விசாரிச்சார். எல்லாத்தையும் கேட்டுட்டு, 'அந்தம்மா என்ன கலர் கார்ல வரும்?'னார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"போன வருஷம் நம்ம பேக்கிங் மேவிஸ் உங்ககிட்ட பத்து நிமிஷம் கேட்டுப் பாத்தா. 'ஒருத்திக்குக் குடுத்தா ஆலையே வந்து கேக்கும்'னீங்க."

ஹிலரி மனுவை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் காலை எட்டாக ஐந்து நிமிஷம். பாலம் சாலையோடு சேர்ந்து ஒழுங்காக இருந்தது. தடுப்புக்கட்டை வானம் பார்த்து நின்றது. படகு கரையில் கட்டியிருக்க, பக்கத்தில் வில்ஃப் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு நின்றார்.

"போங்கம்மா. ஆபீசுக்கு மனு போகுதாமே. இனி என்னால தொந்தரவு இருக்காது."

ஹிலரி காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள்.

"மனுவும் போகல, ஒண்ணும் போகல."

"அப்ப நீங்க போகலாமே? வழிதான் இருக்கே."

"எப்படிப் போறது? இப்பப் போனா பிரெண்டா பேருக்கு நேரே தாமதம்னு எழுதணும். எழுதாம விட்டா நாளைக்கு முப்பது பேரும் வந்து நிப்பாங்க. எனக்குச் சட்டம் சட்டந்தான்."

"உங்க மேனேஜர் கேட்டா?"

"பாலம் திறந்திருந்ததும்பேன். பொய்யா அது?"

பின்னாலிருந்த கார்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்தன. ஹிலரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்கறீங்க? சாவியப் போடுங்க வில்ஃப். ஆடி அசைஞ்சு நிதானமா திறங்க. நேத்து பத்தே நிமிஷத்துல மூடிட்டீங்க, பாவம், பிரெண்டா மூச்சு வாங்க ஓடி வந்தா!"