தாம்பூலப் பையில் வந்த டீ

எழிலரசிக்கு மூக்குக்கு மேல் கோபம். பொங்கலன்று தெருமுனை பர்வதம் ஆன்ட்டி வீட்டில் கொடுத்த தாம்பூலப் பையை அப்போதுதான் பிரித்திருந்தாள். வெற்றிலை பாக்கோடு ஒரு க்ரீன் டீ டப்பா. பின்பக்கம் தேதியைப் பார்த்தால், காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"ஏனுங்க, வீட்ல கெடந்த குப்பையத் தூக்கி நம்ம தலைல கட்டிட்டாங்க பாருங்க," என்று கணவன் நஞ்சப்பனிடம் டப்பாவை நீட்டினாள்.

அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வீசிவிட்டு வேலையைப் பார் என்றான். பனி கொட்டும் நியூஜெர்சியின் பிஸ்கட்டவேயில், இருவரும் மீட்டிங்கில் மாட்டிக்கொள்ளும் நாளெல்லாம் மகள் வெண்பாவை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து கூட்டிப்போய்ச் சூடாகத் தோசை போடுவது அந்த ஆன்ட்டிதான். ஒரு டீக்காக அவரைப் பகைத்துக்கொள்ளாதே என்றும் சொன்னான்.

"பகைக்கலீங்க. அவங்க குடுத்ததையே அவங்களுக்குப் போட்டுக் குடுக்கப் போறேன்," என்றாள்.

யூடியூபில் வழி கிடைத்தது. பழைய க்ரீன் டீயில் வாசம்தான் போயிருக்கும், வறுத்தால் திரும்பி வரும், ஜப்பானில் ஹோஜிச்சா என்று குளிருக்கு அதைத்தான் குடிக்கிறார்கள் என்றது. இரும்புச் சட்டியில் இலையைக் கொட்டி, ரவை வறுப்பதுபோல் சின்னத் தீயில்தான் வறுத்தாள். ஆனால் அமெரிக்க ஸ்மோக் அலாரத்துக்கு ரவையும் தெரியாது, ஜப்பானும் தெரியாது. அது ஊரைக் கூட்ட, நஞ்சப்பன் மீட்டிங்கை மியூட்டில் போட்டுவிட்டு நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினான்.

எல்லாம் அடங்கியபோது வீடு முழுக்க வறுத்த கடலை வாசம். பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். நன்றாக இருந்து தொலைத்தது.

சாயங்காலம் வெண்பாவைக் கொண்டுவந்து விட்ட ஆன்ட்டியை விடாமல் உட்காரவைத்தாள். ஆன்ட்டி கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறிஞ்சினார். குளிருக்கு அமிர்தமாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய் என்று கேட்டார்.

இதற்காகத்தானே இவ்வளவு பாடும். டப்பாவை எடுத்து, தேதி தெரியும்படி ஆன்ட்டி முன்னால் வைத்தாள்.

"நீங்க குடுத்ததுதான் ஆன்ட்டி. டேட் போயி ரெண்டு வருஷம் ஆச்சு. வறுத்துச் சமாளிச்சேன்."

ஆன்ட்டி கண்ணாடியை மாட்டிப் படித்தார். முகம் சுண்டிவிட்டது.

"பார்க்காமக் குடுத்துட்டேன்மா. எங்க கிரகப்பிரவேசத்துக்கு யாரோ கொண்டுவந்தது, அலமாரியிலேயே இருந்தது. தப்பு என்னோடதுதான்."

"பரவால்ல ஆன்ட்டி. ஆனா ஒருத்தர் குடுத்த கிஃப்ட்ட இன்னொருத்தர் தலைல கட்டறது மட்டும் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது," என்றாள் எழிலரசி, குரலில் தேன் ஒழுக.

ஸ்நாக்ஸ் தேடி வந்த வெண்பா டப்பாவைத் தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு யூனிகார்ன் ஸ்டிக்கர். அதற்குப் பேனாவால் பெரிய மீசை.

"அம்மா, தட்ஸ் மை யூனிகார்ன். ஐ ட்ரூ த மீசை. வீ கேவ் இட் ஃபார் ஆன்ட்டிஸ் நியூ ஹவுஸ்."

எழிலரசிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸுக்கு ஆபீஸில் யாரோ கொடுத்ததை, கிரகப்பிரவேச அவசரத்தில் பையில் போட்டு நீட்டியது அவளேதான். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பாள். நியூஜெர்சியில் அதுவும் உறைந்து கிடந்தது.

ஆன்ட்டி ஸ்டிக்கரைப் பார்த்தார். எழிலரசியைப் பார்த்தார். டப்பாவை வாங்கி நிமிர்த்தி வைத்தார்.

"இந்த ஊர்ல எல்லா யூனிகார்னுக்கும் மீசை இருக்கும்டா கண்ணா," என்று வெண்பாவின் தலையைத் தடவிவிட்டு, காலிக் கப்பை நீட்டினார். "எழில், இன்னும் கொஞ்சம் டீ இருக்காம்மா?"